புதுப் பெட்டிக்குள் 3112 மணி நேரம்

முதலில் மின்விசிறியின் சத்தம் என்றுதான் நினைத்தேன். அதை நிறுத்திய பிறகும் 'டிக்... டிக்... டிக்' என்று வந்துகொண்டே இருந்தது. மேஜை மேல், மடிக்கணினிக்குப் பக்கத்தில், ஆறு வருடமாக வாயைத் திறக்காமல் வேலை பார்த்த வெளி ஹார்ட் டிஸ்க். அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு டிக்குக்கும் உள்ளேயிருந்து யாரோ நகத்தால் சுண்டுவது போல ஓர் அதிர்வு.

அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்ததுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. சுழலும் தட்டுகளில் நம் ஃபைல்கள் மட்டும் இருப்பதில்லை. தட்டின் மேல் நகர்ந்து படிக்கவும் எழுதவும் செய்யும் முனைக்கு ஹெட் என்று பெயர். அது, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்கான குறிகளும் கூடவே எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்க முடியாவிட்டால், வழி தவறியவர் தெருமுனைக்கே திரும்பிப் போய் மறுபடி தேட ஆரம்பிப்பது போல, ஹெட் ஓரத்துக்குப் போய்விட்டு மீண்டும் வரும். அப்படிப் போய்ப் போய் வருவதுதான் டிக் டிக்.

எல்லா டிக்கும் சாவுமணி இல்லை. மின்சாரம் போதாவிட்டாலும் டிஸ்க் இப்படி முனகும். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைதான் தரும், 3.0 போர்ட் 900 வரை. கேபிள் நைந்திருந்தால் அதுவும் ஒழுங்காக வந்து சேராது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். டிக் மாறவில்லை. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு பழைய வைத்தியம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், மிச்சம் இருக்கிற உயிரும் போய்விடும்.

அதில் இருந்தது 800 ஜிபி. பதின்மூன்று வருடப் படங்கள், ஸ்கேன் செய்த கடிதங்கள், அப்புறம் அப்பா ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு எனக்கு வகுப்பெடுத்த 40 நிமிட ஒலிப்பதிவு. அந்த ஒலிப்பதிவையும் கடிதங்களையும் அப்போதே மடிக்கணினிக்கு இழுத்தேன். திக்கித் திக்கி வந்து சேர்ந்தன. மற்றதற்கு மடிக்கணினியில் இடமில்லை. டிஸ்க்கைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன்.

"இன்னுமா ஹார்ட் டிஸ்க் வாங்குற அக்கா? எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுட்டுப் போயேன்."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 800 ஜிபியை என் இணைய வேகத்தில் மேலே ஏற்ற வாரக்கணக்கில் ஆகும். டிக் டிக் அதுவரை பொறுக்காது. எஸ்எஸ்டி வாங்கலாமே என்றான் அடுத்து. சுழலும் தட்டே இல்லாமல் சில்லில் சேமிப்பது. வேகமானது, விழுந்தாலும் எளிதில் உடையாது, எல்லாம் சரி. ஆனால் எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரமே பார்க்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அது மெல்லக் கசியக்கூடும். நான் வாங்குவதே அலமாரியில் போட்டு வைக்கத்தான். அதே காசுக்கு ஹார்ட் டிஸ்க்கில் பல மடங்கு இடம் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். ஆக, பழைய தொழில்நுட்பத்துக்கே இன்னொரு தடவை ஓட்டுப் போட்டேன்.

ஆர்டர் செய்ய உட்கார்ந்தால் ஒரு பெருங்கூட்டமே எதிரில் நிற்கிறது. எத்தனை பெயர்கள், எத்தனை நிறங்கள்! உண்மையில் இன்று உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்ற பெயர்களில் வருவதெல்லாம் இவர்களுடைய டிஸ்க்குக்கு யாரோ தைத்துப் போட்ட சட்டை. 2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தபோது உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை எகிறியதற்கும் இது போன்ற நெருக்கம்தான் காரணம். தொழிற்சாலைகளும், தட்டைச் சுழற்றும் மோட்டார் செய்பவர்களும் ஒரே வட்டாரத்தில் குவிந்திருந்தார்கள்.

கூட்டத்தின் நடுவே, கட்டைவிரல் அளவுக்கு ஒன்று, '16 டிபி' என்று மார்தட்டிக்கொண்டு, நல்ல 1 டிபி டிஸ்க்கைவிட மலிவாக நின்றது. உள்ளங்கையில் அடங்கும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள் 6 டிபியோடு நிற்கின்றன. 16 டிபி வேண்டுமென்றால் செங்கல் போன்ற 3.5 அங்குல டிஸ்க்கும் அதற்குத் தனி 12 வோல்ட் அடாப்டரும் வேண்டும். அப்படியானால் இந்தக் கட்டைவிரலுக்குள் என்ன இருக்கும்? பெரும்பாலும் ஒரு சின்ன மெமரி கார்டும், "நான் 16 டிபி" என்று கணினியிடம் பொய் சொல்லப் பழக்கிய ஒரு சில்லும்தான். இதில் கொடுமை என்னவென்றால், காப்பி செய்யும்போது பொய் வெளியே தெரியாது. கார்டு நிறைந்ததும், புதிதாக வருவதைப் பழையதன் மேலேயே எழுதும், அல்லது வாங்கிக் காற்றில் விட்டுவிடும். ஃபைல் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்துகொண்டிருக்கும். ஒரு வருடம் கழித்துத் திறக்கும்போதுதான் படத்துக்குப் பதில் சாம்பல் கட்டம் வரும்.

ரிவ்யூக்களை நம்பலாமா என்றால், அங்கேயும் கண்ணை அகலத் திறந்து வைக்க வேண்டும். "சீக்கிரம் வந்தது, பெட்டி அழகு, ஐந்து நட்சத்திரம்" என்பது கூரியருக்கான பாராட்டு. ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சில பக்கங்களில் நான்கு வருடத்துக்கு முந்தைய வேறு மாடலின் ரிவ்யூக்களும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். நான் மூன்று நட்சத்திரக்காரர்களை மட்டும் தேடிப் படிப்பேன். கோபமும் இல்லாமல் குஷியும் இல்லாமல் ஆற அமர உட்கார்ந்து எழுதியவர்கள் அவர்கள்தான்.

விவரப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுபவை. ஓட்டுக்கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை ஓட்டின் மேல் அடுத்த வரிசை கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். எழுதும் ஹெட் அகலமானது, படிக்கும் ஹெட்டுக்கு ஒல்லியான கோடு போதும். அதனால் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி நெருக்கி எழுதி, அதே தட்டில் கூடுதல் இடம் பிடிக்கிறார்கள். சிக்கல் மாற்றும்போது வருகிறது. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஏறியிருப்பவற்றையும் கழற்றித் திரும்ப அடுக்கத்தானே வேண்டும்? டிஸ்க்கும் அதைத்தான் செய்கிறது. முதல் சில நிமிடங்கள் வினாடிக்கு 120 எம்பி என்று பறக்கும். அப்புறம் அதன் தற்காலிக இடம் நிறைந்ததும் 20, 15 என்று தவழும். பழுது என்று பயந்து பிடுங்கிவிடாதீர்கள், ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறது. 2020இல், ஓயாமல் எழுத வேண்டிய வேலைக்கென்றே விற்ற டிஸ்க்குகளில்கூட இந்த முறையைச் சொல்லாமல் நுழைத்திருந்தது தெரிந்து, வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் எந்த மாடல் எந்த வகை என்று தயாரிப்பாளர்கள் பட்டியல் வெளியிட்டார்கள். ஒரு தடவை எழுதி அலமாரியில் வைக்கிற என் போன்றவர்களுக்கு எஸ்எம்ஆர் ஒரு குற்றமே இல்லை. சொல்லிவிட்டு விற்றிருக்கலாம், அவ்வளவுதான்.

4 டிபி ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போட்டேன். பார்சல் எங்கே வருகிறது என்று காட்டும் பக்கத்தை அடுத்த மூன்று நாளும் மணிக்கொரு தடவை திறந்து பார்த்தேன். என் பயமெல்லாம் கூரியரைப் பற்றித்தான். உள்ளே ஹெட் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது, ஒரு தலைமுடியின் பருமனோ 70,000 நானோமீட்டருக்கும் மேல் என்றெல்லாம் படித்துவிட்டு, அதே சாதனத்தை லாரியில் தூக்கிப் போடுவதை நினைத்துப் பார்த்தால் யாருக்குத் தூக்கம் வரும்?

ஆனால் விவரத்தாளைப் படித்தால் தைரியம் வரும். மின்சாரம் நின்றதும் ஹெட் தட்டை விட்டு வெளியே, அதற்கென்று வைத்திருக்கும் சாய்வுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் இந்தச் சின்ன டிஸ்க்குகள் 1000 ஜி அளவுக்கான அதிர்ச்சியைத் தாங்கும் என்று குறித்திருப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அது 400 பக்கம் இறங்கிவிடும். பெரிய 3.5 அங்குல டிஸ்க் என்றால், ஓடும்போது சில பத்து ஜிதான். ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு. கடினமான தரையில் விழும் பொருள் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் நிற்க வேண்டியிருப்பதால், மேஜை உயரத்திலிருந்து விழுந்தாலே நூற்றுக்கணக்கில் போய்விடும். ஆக, அணைந்து கிடந்து ஊர் ஊராகப் பயணம் செய்யும் டிஸ்க்கைவிட, நம் மேஜையில் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் காலில் தட்டிக் கவிழும் டிஸ்க்குக்குத்தான் ஆபத்து அதிகம். என் பழையதும் அப்படி ஒரு தடவை கவிழ்ந்ததுதான். யாரால் என்று எழுதப்போவதில்லை.

1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்குக்குக் கூரியர் கவலையே இருந்திருக்காது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய போன் கேமராவில் எடுத்த ஒரு நல்ல படம் அதில் அடங்காது. அதைப் பெரும்பாலும் வாடகைக்குத்தான் விட்டார்கள்.

நான்காம் நாள் காலையில் பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் கதவருகே குனிந்து, பூனைக்குட்டியை இறக்குவது போல மெதுவாக வைத்தார். நான் மூன்று நாள் திட்டித் தீர்த்த கூரியர்காரர் இவர்தான்! பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவே காற்றுப்பை, உள்ளே டிஸ்க்கின் இரு முனையையும் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டில். குலுக்கிப் பார்த்தால் ஒன்றும் ஆடவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே வைத்துவிடச் சொல்வார்கள். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் வந்த பொருளில் ஈரம் படிந்திருக்கலாம், அது காய வேண்டும். வைத்தேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பு. சொருகினேன், கணினி அடையாளம் கண்டது, 3.63 டிபி என்று காட்டியது. அதில் மோசடி இல்லை. பெட்டியில் அச்சடிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்கிக்கொண்டே போகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுத்துக்கொண்டே வருகிறது. இரண்டு முறையையும் பிரித்துச் சொல்ல 1998இலேயே கிபி, மெபி என்று தனிப் பெயர்கள் வைத்தும் பார்த்தார்கள், விண்டோஸ் அசைந்துகொடுக்கவில்லை. கொள்ளளவு சரி என்று திருப்தியாகி, டிக் டிக் பழையவரை இன்னொரு போர்ட்டில் மாட்டி, காப்பி செய்யத் தொடங்கினேன். இரண்டு இரவு ஆனது. நடுவே நடுவே பழையது மூர்ச்சை போட்டு விழும். அணைத்து, ஆறவிட்டு, மீண்டும் தட்டி எழுப்புவேன். கடைசியில் பதினோரு ஃபைல்கள் தவிர எல்லாம் வந்துவிட்டன. பெருமூச்சு விட்டேன்.

மூன்றாம் நாள் ஏதோ தோன்றி, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தேன். ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன்னைப் பற்றிய கணக்கைத் தானே எழுதிவைக்கும். எத்தனை தடவை தொடங்கியது, எவ்வளவு சூடு, கெட்டுப்போன இடத்துக்குப் பதில் எத்தனை மாற்று இடம் எடுத்தது என்று வரிசையாக. எல்லாம் நீலம், எல்லாம் நலம். ஓடிய மணி நேரம் என்ற வரியில் மட்டும் 3112 என்று இருந்தது.

மூன்று நாளில் எப்படி 3112 மணி? வகுத்துப் பார்த்தேன், ஏறக்குறைய 130 நாள். எத்தனை முறை தொடங்கியது என்ற எண் 41. அதாவது ஒவ்வொரு முறையும் சராசரியாக மூன்று நாள் நிற்காமல் ஓடியிருக்கிறது. வீட்டில் எப்போதாவது மாட்டிக் கழற்றிய டிஸ்க் இல்லை, யாரோ இரவு பகலாக எதற்கோ ஓடவிட்டது. டிஸ்க்கின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் வாரண்டி எப்போது வரை என்று சொல்லும். போட்டேன். என் வாரண்டி நான் வாங்குவதற்கு 14 மாதம் முன்பே தொடங்கிவிட்டிருந்தது.

யாரோ பயன்படுத்தித் திருப்பி அனுப்பியதை, விற்றவர் சுத்தமாகத் துடைத்துப் புது உறை போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார். ஓடிய மணிக் கணக்கை மாற்றாமல் விட்டாரே, அந்த மட்டுக்கும் யோக்கியர். 2025 தொடக்கத்தில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சர்வர் டிஸ்க்குகள் ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதியவை என்று விற்கப்பட்டது அம்பலமானது. அந்த டிஸ்க்குகளுக்குள் தனியாக இருந்த இன்னொரு குறிப்பேட்டை அழிக்க மறந்திருந்தார்கள், அதுதான் காட்டிக்கொடுத்தது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன்.

"டிஸ்க் வேலை செய்யுதா மேடம்?"

"செய்யுது."

"அப்புறம் என்ன பிரச்சினை மேடம்?"

"ஏற்கெனவே 3112 மணி நேரம் வேலை செஞ்சிருக்குங்க."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு, "அப்போ நல்லாத்தானே ஓடுது மேடம்?"

சிரிப்பு வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் எதிரில் இருக்கிற பட்டியலில் 'உடைந்தது', 'வேலை செய்யவில்லை', 'வேறு பொருள் வந்தது' என்றுதான் இருக்கும். வாரண்டிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு ரிட்டர்னை ஒத்துக்கொண்டார்கள். பார்சல் கைக்கு வந்த பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதில் மூன்று போய்விட்டது.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திருப்பி அனுப்ப வேண்டிய டிஸ்க்கில் என் 800 ஜிபி இருக்கிறது. அதை அழிக்காமல் அனுப்ப முடியாது. அழித்தால், உருப்படியாக இருக்கும் ஒரே பிரதியை என் கையாலேயே அழித்தவளாவேன். பழையது இன்னொரு தடவை முழுதாகப் படித்துக் காட்டும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. ஹார்ட் டிஸ்க்கை மற்ற பொருள் போல 'பிடிக்கவில்லை, எடுத்துக்கொள்' என்று திருப்பித் தந்துவிட முடியாது. சட்டையைத் திருப்பி அனுப்பினால் சட்டை மட்டும்தான் போகும்.

அழிப்பதும் எளிதல்ல. டெலீட் கொடுத்தாலோ, விரைவு ஃபார்மட் கொடுத்தாலோ, அட்டவணையில் பெயர் மட்டும்தான் அழியும், படங்கள் தட்டில் அப்படியே கிடக்கும். மீட்பு மென்பொருள் ஒன்று போதும், எல்லாம் எழுந்து வரும். எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர் ஒழுங்காகத் துடைத்தாரா என்று பார்க்கக் கை துறுதுறுத்தது. பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாங்கப்போகிறவருக்கும் இதே போலத் துறுதுறுக்கும், அவர் பார்க்காமல் இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வேறு வழியில்லாமல் இன்னொரு இடத்தில் இன்னொரு 4 டிபி ஆர்டர் செய்தேன், வேறு மாடல். ஐந்தாம் நாள் மாலை அது வந்தது. சூடு கண்ட பூனையாக, இந்தத் தடவை சொந்த ஃபைல் ஒன்றைக்கூட அதற்குக் காட்டவில்லை. முதலில் வரிசை எண், வாரண்டி: அன்றைய தேதிக்குச் சரியாக இருந்தது. ஓடிய மணி: 0. அப்புறம் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற குட்டி மென்பொருளை ஓடவிட்டேன். டிஸ்க் முழுவதையும் சோதனைத் தரவால் நிரப்பிவிட்டு, எழுதியதை ஒன்று விடாமல் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். போலிக் கொள்ளளவைப் பிடிக்க இது எளிய வழி. லினக்ஸில் எஃப்3 என்று ஒன்று இதே வேலையைச் செய்கிறது. 4 டிபியை வினாடிக்கு 90 எம்பி சராசரியில் எழுதப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், படிக்க அதே அளவு. ஒரு முழு நாள். பத்து நாளில் ஒன்றை இப்படிச் செலவழிப்பது எனக்குப் படபடப்பாகத்தான் இருந்தது. ஆனால் திருப்பி அனுப்பச் சங்கடமில்லாத நாள் இது ஒன்றுதான். நம்முடையது எதுவும் உள்ளே போகாத வரைக்கும்தான் அந்தச் சுதந்திரம்.

சோதனையில் தேறிய டிஸ்க் நாளைக்கே சாகாது என்று அர்த்தமில்லை. 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்களிடம் ஓடிய லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து எழுதினார்கள். செத்துப்போனவற்றில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தவை. என் பழையது டிக் என்றாவது சொன்னது.

ஃபார்மட் விஷயத்தை நீட்ட வேண்டாம். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். பழைய ஃபேட்32 மட்டும் வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரு வீடியோவைக்கூட ஏற்காது. அதைவிட முக்கியம், டிஸ்க் காலியாக இருக்கும்போதே முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டேன். வெராக்ரிப்ட் இலவசம். விண்டோஸின் உயர் பதிப்புகளில் பிட்லாக்கர் கூடவே வருகிறது. முதல் டிஸ்க்கில் இதைச் செய்திருந்தால், அழிக்கும் வேலையே இருந்திருக்காது. சாவியை மறந்துவிட்டு அனுப்பியிருக்கலாம்.

ஏழாம் நாள், 3112இலிருந்து புதியதற்கு எல்லாம் நகர்ந்தன. ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒரு தடங்கல் இல்லை. எட்டாம் நாள், விட்டுப்போன அந்தப் பதினோரு ஃபைல்களையாவது மீட்கலாம் என்று பழையதை மாட்டினேன். மூன்று டிக். பிறகு தட்டு நின்றுவிட்டது. கணினியில் ஒன்றும் தெரியவில்லை. அன்றோடு சரி.

ஆக, யாரோ பயன்படுத்தி, யாரோ ஏமாற்றி விற்ற அந்த டிஸ்க் ஆர்டர் போட்ட நான்காம் நாளே வந்து சேர்ந்திராவிட்டால், நானும் பொறுமையாகச் சோதித்துவிட்டுத்தான் காப்பி செய்வேன் என்று உட்கார்ந்திருந்தால், என்ன ஆகியிருக்குமோ தெரியாது. ஒன்பதாம் நாள் அதை முழுவதும் பூஜ்யத்தால் நிரப்பினேன். ஒரு தடவை மேலெழுதினால் இன்றைய டிஸ்க்குகளுக்குப் போதும், ஏழு தடவை எழுத வேண்டும் என்பது பழங்கதை. அதற்கே பதினான்கு மணி நேரம். அது ஓடிக்கொண்டிருந்ததைப் பார்க்கக் கொஞ்சம் குற்ற உணர்வாகக்கூட இருந்தது. பத்தாம் நாள் எடுத்துப்போக வந்தவரிடம் தந்தேன். அதற்குள் ஓடிய மணி 3170ஐத் தாண்டியிருந்தது. பணம் திரும்ப வந்தது.

படம் எடுப்பவரான பீட்டர் குரோக் சொல்லிப் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு ஒன்று உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். என் கையில் இருந்தது ஒரே ஒரு பிரதி. அதனால் மூன்றாவது தடவையாக ஆர்டர் போட்டேன். வந்தது, ஒரு நாள் சோதனை, பூட்டு, காப்பி. கடிதங்களையும் அப்பாவின் ஒலிப்பதிவையும் தனியே கிளவுடிலும் ஏற்றினேன். அந்த அளவுக்குத் தம்பி ஜெயித்தான். மூன்றாவது டிஸ்க்கை, அது வந்த அதே தொட்டிலில் வைத்து, அதே பெட்டியில், அதே காற்றுப்பையைச் சுற்றி, அவனுக்கே கூரியரில் அனுப்பினேன். உள்ளே இருப்பது பூட்டிய பெட்டகம் என்பதால் இந்த முறை பார்சல் எங்கே என்று மணிக்கொரு தடவை பார்க்கவில்லை. நாளுக்கு மூன்று தடவைதான்.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, வந்துடுச்சு. பெட்டியெல்லாம் நல்லா இருக்கு. கேபிள்தான் விசித்திரமா, வாய் ரெண்டாப் பிளந்த மாதிரி இருக்கு. சொருகிப் பாத்துடவா?"

"இப்போ வேணாம்டா. ரெண்டு மணி நேரம் அப்படியே மேஜை மேல வை."

"எதுக்கு?"

"ஈரம் காயட்டும். அப்புறம் சொருகினதும் ஓடிய மணி எத்தனைன்னு பாத்து எனக்குச் சொல்லு. 37 இருக்கணும்."